குழந்தையின் ரத்த ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டிய எண்

கைக்குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல், தொப்புளில் சீழ், தோலில் கட்டி, வாயில் புண். மருந்து கொடுத்தா ஆறுது, கொஞ்ச நாளில் மறுபடி வருது. இப்படி இருந்தால் சிபிசி ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணுக்களை மட்டும் பார்த்தால் போதாது. கிருமியோடு முதலில் மோதுவது அதில் ஒரு வகையான நியூட்ரோஃபில். மொத்தம் 6,000, நியூட்ரோஃபில் 5 சதவீதம் என்றால், இருப்பது 300தான். மொத்தம் சரியாகத் தெரிந்தாலும், 500-க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு.

உடனே பயப்படாதீங்க. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இந்த எண் குறைந்து, தானாகவே ஏறுவதுதான் அதிகம். திரும்பத் திரும்பப் பார்த்தும் ஏறாவிட்டால், பிறவியிலேயே வரும் அரிய நோயா என்று மருத்துவர்கள் சோதிப்பார்கள். சுவீடன் மருத்துவர் ரோல்ஃப் கோஸ்ட்மன் 1956-ல் விவரித்த நோய் அப்படிப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் குழந்தைக்கு அந்த நோய் வரும். அதனால் சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்று இதற்கு மருந்து இல்லை. இன்று ஜி-சி-எஸ்-எஃப் ஊசி இருக்கிறது. தோலுக்கு அடியில் போடும் இந்த ஊசி, எலும்பு மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபிலை உருவாக்க வைக்கும். எண்ணைப் பார்த்து அளவை மாற்றுவார்கள். ஊசிக்குப் பலன் இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை.

இந்தக் குறைவு உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், 'காலையில பாத்துக்கலாம்' என்று இருக்காதீங்க. வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பும் கொடுக்காதீங்க. விளாங்குடியில் இருந்தால் நேராக மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போங்க. வண்டி இல்லையா, 108-ஐ அழையுங்கள். உள்ளே போனதும் "பிள்ளைக்கு நியூட்ரோஃபில் குறைவு" என்பதை முதலில் சொல்லுங்கள்.

செல்போனில் செய்து வைக்க வேண்டியவை:

* எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகப் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.
* முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வருமா என்று 1800 425 3993-ல் கேளுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104.
* தேசிய அரிய நோய்கள் கொள்கை 2021-ன்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பட்டியலில் உங்கள் குழந்தையின் நோய் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசியை நீங்களாக நிறுத்தாதீங்க. எது, எப்போது என்று மருத்துவர் சொல்வார்.