கத்தி பட்டால் பரவிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 58. மலத்தில் ரத்தம் தெரிந்ததால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தார்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் 12 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருக்கிறதாம். குழாய் வழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வலியே இல்லாததை ஏன் தொட வேண்டும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் சாப்பிடுகிறேன். என்ன செய்யட்டும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எடுத்துவிடுங்கள். பாலிப் என்ற குடல் சதைவளர்ச்சி பெரும்பாலும் வலிக்காது. அதை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி, சாதாரண பாலிப்பாகத் தொடங்கி ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் மாறியதுதான். எடுப்பதால் பரவாது. விட்டுவைத்தால்தான் ஆபத்து.

குழாய் வழியாக எடுப்பது புது வைத்தியமும் அல்ல. 1969-லேயே நியூயார்க்கில் டாக்டர்கள் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் வயிற்றைக் கிழிக்காமல் பாலிப்பை எடுத்தார்கள். குழாய்க்குள் மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று நுழையும். பாலிப்புக்குக் காம்பு இருந்தால் அதில் சுருக்கை மாட்டி இறுக்கி, மின்சாரம் செலுத்தி அறுப்பார்கள். ரத்தக் குழாயும் அப்போதே பொசுங்கி அடைபடும். தட்டையாக இருந்தால் அடியில் உப்புநீர் ஊசி போட்டு, கொப்புளம் போல மேலே எழுப்பிக்கொண்டு அறுப்பார்கள். குடலின் உட்சவ்வை அறுத்தால் வலி தெரியாது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்த மாத்திரைகள்தான். ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லி, குளோபிடோக்ரெல்லை மட்டும் 5 முதல் 7 நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் தயவுசெய்து நீங்களாக ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசித் தேதி குறிக்கட்டும். மாத்திரைச் சீட்டை இருவரிடமும் காட்டுங்கள்.

எடுத்த பிறகு இரண்டு வாரம் வரை ரத்தக்கசிவு வர வாய்ப்பு உண்டு. ரத்தம் கட்டியாகப் போனாலோ, வயிறு இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நேரம் எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்த நாட்களில் தொலைதூரப் பயணம் வேண்டாம்.

எடுத்த சதை பயாப்சிக்குப் போகும். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 'அடினோமா' (புற்றாக மாறக்கூடிய வகை) என்று வந்தால், உங்கள் பாலிப்பின் அளவுக்கு மூன்று வருடத்தில் மறுபடி கொலனோஸ்கோபி தேவைப்படும். கூடப் பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்கள் 40 வயதிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.