கோவ் சந்துப் பள்ளி

கல்வியைக் கண் என்று போற்றியவர் நம் முன்னோர். அக்கண்ணைத் திறத்தல் குற்றம் என்று ஒரு நாட்டின் சட்டமே கூறுமாயின், அந்நாட்டு மக்களின் நிலை என்னாகும்? அத்தகைய சட்டம் ஒன்று அயர்லாந்தில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. அச்சட்டம் நடப்பிலிருந்த நாளில், கார்க் நகரத்துச் சந்து ஒன்றில், ஏழைச் சிறுமியர்க்கெனத் தோன்றிய ஒரு பள்ளியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆட்சி செலுத்தியவர்களோ சீர்திருத்தக் கிறித்தவர்கள். கத்தோலிக்கர் கல்வியும் செல்வமும் பெற்று உயர்ந்தால் தம் ஆட்சிக்கு ஊறு நேரும் என அவர்கள் அஞ்சினர். அதனால் 1695ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கத்தோலிக்கர் எவரும் பள்ளி நடத்துதல் கூடாது. நடத்துவோர்க்கு 20 பவுன் தண்டமும் 3 திங்கள் சிறையும் உண்டு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கத்தோலிக்கக் கல்வி பெறச் செய்வதும் குற்றமாயிற்று. ஆகவே நாட்டுப்புறங்களில் ஆசிரியர்கள் வேலியோரங்களிலும் குடிசைகளிலும் மறைந்திருந்து பாடம் சொல்லினர். செல்வர்கள் தம் மக்களைக் கரவாகக் கப்பலேற்றிப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பினர். ஏழைகளின் பிள்ளைகளோ எழுத்தறியாமலே வளர்ந்தனர்.

கார்க் வட்டாரத்தில் பாலிகிரிபின் என்னும் ஊரில் 1718ஆம் ஆண்டு பிறந்தவர் நானோ நேகிள் அம்மையார். அவருடைய குடும்பம் பழமையும் செல்வமும் வாய்ந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் குற்றஞ்சாட்டி முழங்கிய எட்மண்டு பர்க்கு இவர்களுக்கு உறவினரே. நானோவும் பிரான்சு நாட்டுக்குச் சென்று கல்வி கற்றார். பாரிசு நகரத்தின் விருந்தும் இசையும் அவருடைய இளமையை மகிழ்வித்தன.

தந்தையார் 1746ஆம் ஆண்டில் இறந்த பின்னர் அவர் தாய்நாடு திரும்பினார். அந்நாளில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தாம் வாங்கி வைத்திருந்த விலையுயர்ந்த பட்டு ஒன்றை அவர் தேடினார். அது கிடைக்கவில்லை. தங்கை ஆன் அதனை விற்று, வறுமையுற்ற குடும்பம் ஒன்றுக்கு உதவியிருந்தார். அச்செயல் நானோவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாம் பெற்ற கல்வியும் ஒரு பட்டாடை போன்றதே. பெட்டியில் கிடந்து யாருக்கு என்ன பயன்? இவ்வாறு எண்ணிய அவர், கார்க் நகரில் தம் தம்பியார் இல்லத்தில் வந்து தங்கினார்.

1754ஆம் ஆண்டையொட்டி, கோவ் சந்து என்னும் இடத்தில் எளியதோர் இடத்தை அவர் அமர்த்தினார். பணிப்பெண் ஒருத்தியின் துணையால் 30 ஏழைச் சிறுமியர் அங்கே திரட்டப்பட்டனர். ஆரவாரம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரே நாளில் பலர் வந்தால் ஊரார் ஐயுறுவர் என்று சிறுகச் சிறுகவே பிள்ளைகளைச் சேர்த்தார். வீட்டாருக்கும் அவர் இதனைத் தெரிவிக்கவில்லை. தாம் தண்டனை பெறுவதற்கு அவர் அஞ்சவில்லை. தம்மால் குடும்பத்தின் உடைமைக்கும் மானத்திற்கும் கேடு வருமே என்பதே அவருடைய கவலை.

மறைத்து வைத்த செய்தி ஒருநாள் வெளிப்பட்டது. ஏழை ஒருவன் அவருடைய தம்பியாரிடம் வந்து, "ஐயா, என் பிள்ளையையும் அம்மையாரின் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்று வேண்டினான். தம்பியார் நகைத்துவிட்டார். தம் வீட்டுப் பெண்ணாவது பள்ளி நடத்துவதாவது என்று எண்ணி, அதனை ஒரு வேடிக்கையாகத் தமக்கையிடமே கூறினார். நானோ உண்மையை மறைக்கவில்லை. தம்பியாரின் நகைப்பு கடுஞ்சினமாக மாறிற்று. இதனால் வரக்கூடிய தீங்குகளையெல்லாம் அவர் எடுத்துரைத்தார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. சட்டம் அவ்வளவு கொடியது. எனினும் தமக்கையின் உறுதியைக் கண்டு சில நாட்களில் அவர் மனம் மாறினார். ஒன்பது திங்களுக்குள் பள்ளியில் ஏறத்தாழ 200 பிள்ளைகள் பயின்றனர்.

பின்னர்ப் பள்ளிகளின் தொகை ஏழாயிற்று. பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு இரண்டு. சிறுவர் படிப்பும் எழுத்தும் கணக்கும் பயின்றனர். சிறுமியர் படிப்பும் சமயப் பாடமும் கற்று, அதன்பின் பிழைப்புக்குரிய கைத்தொழில் பழகினர். இன்றைய பெண் கல்வியை நோக்க இது சிறிதே. ஆனால் ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் இது பெரும்பேறாக விளங்கியது.

பகலெல்லாம் பள்ளிப்பணி, மாலையில் அம்மையார் கையில் விளக்கொன்றை ஏந்திச் சந்துகள்தோறும் நடந்து சென்று, நோயாளரையும் முதியோரையும் கண்டு உதவினார். விளக்கேந்திய பெண்மணி என்றால் நைட்டிங்கேல் அம்மையாரே நம் நினைவுக்கு வருவார். அவர் போர்க்களத்துக்குச் செல்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கார்க் நகரத்து ஏழைகள் அத்தகைய விளக்கொளியைக் கண்டிருந்தனர்.

தமக்குப் பின்னும் பள்ளிகள் நிலைபெற வேண்டும் என்று கருதிய அம்மையார், பெரும்பொருள் செலவிட்டு ஒரு மடம் எழுப்பி, பிரான்சிலிருந்து உர்சுலைன் கன்னியரை 1771ஆம் ஆண்டில் வருவித்தார். ஆனால் அவர்களுடைய ஒழுங்குமுறை மடத்தின் மதிலைத் தாண்டி வெளிச்செல்ல இடந்தரவில்லை. சந்துகளில் வாழும் ஏழையரை நாடிச் செல்வது எவ்வாறு? அம்மையார் மனம் தளர்ந்துவிடவில்லை. 1775ஆம் ஆண்டு கிறித்துமசு நாளுக்கு முந்திய நாளில், மூவரைத் துணைக்கொண்டு ஏழைகளுக்கெனவே ஒரு புதிய சபையை நிறுவினார். 1777ஆம் ஆண்டு கிறித்துமசு நாளன்று இரவலர் 50 பேரை அழைத்து, அவர்களுக்குத் தம் கையாலேயே விருந்து பரிமாறினார். பெருஞ்செல்வம் செலவாகிவிட்ட பிறகு, பள்ளிகளுக்காகத் தெருத்தெருவாகச் சென்று கையேந்தவும் அவர் நாணவில்லை.

1782ஆம் ஆண்டில் சட்டம் தளர்ந்தது. உரிமம் பெற்றுக் கத்தோலிக்கரும் கற்பிக்கலாம் என்றாயிற்று. அதற்குள் தடை செய்யப்பட்ட பள்ளி வளர்ந்து கால்நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1784ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவருடைய சபை பின்னர்ப் பிரசென்டேஷன் சபை எனப் பெயர் பெற்றுக் கடல் கடந்தும் பரவியது.

சூயசுக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டுக்கு வருவதற்கே மாதங்கள் பல ஆகும். அந்நாளில், 1842ஆம் ஆண்டில், அச்சபைக் கன்னியர் சிலர் அயர்லாந்திலிருந்து சென்னை வந்து சேர்ந்தனர். பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற பகுதியில் அவர்களுடைய கல்விப்பணி தொடங்கியது. சென்னையில் சர்ச் பார்க்கு என்று பலரும் அறிந்த பெண்கள் பள்ளி, 1909ஆம் ஆண்டில் அதே சபையாரால் நிறுவப்பட்டது.

இங்ஙனம் கார்க் நகரத்துச் சந்தில் 30 சிறுமியர்க்கு ஏற்றப்பட்ட விளக்கின் ஒளி நம் சென்னை வரை வந்தது. நாடி வந்தவர்க்குக் கற்பித்தல் நன்று. நாடி வர இயலாதாரைத் தேடிச் சென்று கற்பித்தல் அதனினும் நன்று. கோவ் சந்துப் பள்ளி செய்தது அதுவே.