பல்பு மின்னோட்டத்தைத் தின்கிறதா?

அறிவியலின் வளர்ச்சி வகுப்பறை வாசலுக்கும் வந்து நிற்கும் காலம் இது. கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே துணையாயிருந்த நிலை மாறி, இணையத்தின் வழி இயங்கும் கருவிகள் பலவும் இன்று கற்பித்தலுக்கு வந்துள்ளன. அவை அனைத்தையும் பற்றி எழுத எனக்கு அனுபவம் போதாது. ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நெடுநாளாக என்னிடமிருந்த ஓர் அறியாமையைப் போக்கியது அது.

அந்த அறியாமையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்பில் ஓம் விதிக் கணக்குகளை நான் பிழையின்றிப் போடுவேன், மதிப்பெண்ணும் குறையாது. ஆயினும், மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியைப் பல்பு எரித்துவிடுகிறது, மிச்சம்தான் திரும்பி வருகிறது என்றே நம்பியிருந்தேன். அகல் விளக்கு எண்ணெயைக் குடிக்கிறதே, அதுபோல. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. வீட்டில் கேட்கவும் வழியில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். அப்பா வீடுகளுக்கு வயரிங் செய்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்.

சென்ற பருவத்தில் மின்னியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் திரையில் ஒரு மின்சுற்றைக் காட்டினார். ஒரு மின்கலம், ஒரு பல்பு, கம்பிகள். “பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வைக்கப் போகிறேன். எது அதிகம் காட்டும்? தாளில் எழுதுங்கள்” என்றார். பிறகு கை தூக்கச் சொன்னார். முன்னால் உள்ளதே அதிகம் காட்டும் என்று பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. என் கையும்தான்!

மின்கலம் 9 வோல்ட். பல்பின் தடை 10 ஓம். இரண்டு அம்மீட்டர்களும் 0.90 ஆம்பியர் காட்டின. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாகச் சுற்று முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தன. சைக்கிள் சங்கிலியை நினைத்துக்கொண்டேன். மிதிப்பவரின் ஆற்றல் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதற்காகச் சங்கிலியின் கண்ணிகள் குறைந்துவிடுவதில்லை. பல்பில் செலவாவது ஆற்றல், மின்னோட்டம் அன்று. இரண்டு ஆண்டுகள் கணக்கு போட்டும் புரியாதது இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

அந்தக் கருவியின் பெயர் ‘ஃபெட்’. 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், அப்பரிசுப் பணத்தின் ஒரு பகுதியையும் இட்டு, 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது. பழைய பாடங்கள் பல ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் இருந்தவை. ஃப்ளாஷ் 2020இன் இறுதியோடு நின்றுபோயிற்று. இப்போது உள்ளவை கைபேசியிலும் ஓடும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் வேண்டியதில்லை; எங்கள் பேராசிரியர் பென் டிரைவில்தான் கொண்டுவந்தார்.

அதே பல்கலைக்கழகத்தார் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வகத்தில் ஒரு பிரிவினருக்கு உண்மைப் பல்பும் கம்பியும், மற்றொரு பிரிவினருக்கு இந்தக் கணிப்பொறிச் சுற்று. பிறகு உண்மைச் சுற்றை அமைக்கச் சொன்னபோது, கணிப்பொறியில் பயின்றவர்களே அதை நன்றாக அமைத்தும் விளக்கியும் காட்டினர். நம்பச் சற்றுக் கடினந்தான். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைக் கண்முன் காட்டுவதே அதன் பலம் என எண்ணுகிறேன்.

ஆனால் காட்டுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. திரையில் அவை எறும்புச் சாரிபோல விரைகின்றன! மேலும், திரையில் இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் மின்னோட்டம் சரிபாதியாகிறது. எங்கள் ஆய்வகத்தில் டார்ச் பல்புகளைக் கொண்டு செய்து பார்த்தோம். பாதியைவிடக் கூடுதலாக வந்தது. மங்கலாக எரியும் இழையில் சூடு குறைவு. ஆகவே தடையும் குறைவு. திரையிலுள்ள சாதாரணப் பல்புக்கோ எப்போதும் ஒரே தடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வருக்கு இதைக் கைபேசியில் காட்டினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர்கள் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேராக இணைத்து, அது தீப்பற்றுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். அரை மணி நேரம் போயிற்று, பாடம் நடக்கவில்லை. பேராசிரியர் முதலில் தாளில் எழுதச் சொன்னதன் அருமை அன்றுதான் தெரிந்தது.

ஒருநாள் இரவு அப்பாவுக்கும் காட்டினேன். தொடர் சுற்றைப் பார்த்ததும், “இது நம்ம சீரீஸ் போர்டுல்லடா” என்று பையிலிருந்து எடுத்து வைத்தார். பழுதான மிக்சியையோ அயர்ன் பாக்ஸையோ ஒரு குண்டு பல்புக்குத் தொடராக இணைத்துச் சோதிக்கும் பலகை அது. பல்பு முழுதாக எரிந்தால் பொருளில் ஷார்ட். எரியாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஏன் அப்படி என்று முதன்முதலாக நான் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கைபேசியை வாங்கி விரலால் அங்குமிங்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, இதுல லூஸ் காண்டாக்ட் எங்கப்பா இருக்கு?” என்றார்.

தேடிப் பார்த்தேன். இல்லை.