பெரிய ரோபோ, கூடவே ஒரு குட்டி: பொம்மை விமர்சனம் எழுதுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1984இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை அமெரிக்கக் கடைகளுக்குக் கொண்டுவந்தபோது, கேசட் பிளேயராக மாறும் சவுண்ட்வேவ் என்ற நீல ரோபோவின் பெட்டிக்குள் பஸ்ஸா என்ற குட்டிப் பறவையும் இருந்தது. கறுப்பும் பொன்னிறமும் கலந்த அந்தப் பறவையை மடித்தால் ஒரு சிறு கேசட்டாகி சவுண்ட்வேவின் நெஞ்சுக்குள் போய்விடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் அந்த நெஞ்சிலிருந்து அடிக்கடி பறந்து வந்தது லேசர்பீக் என்ற சிவப்புப் பறவை. பஸ்ஸாவுக்கும் அதற்கும் ஒரே அச்சு, நிறம்தான் வேறு. லேசர்பீக் வேண்டுமென்றால் ஃப்ரென்ஸி என்ற இன்னொரு குட்டியோடு சேர்த்து விற்ற இன்னொரு பொதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரேவேஜ் என்ற கருஞ்சிறுத்தையும் அப்படித்தான், ரம்பிள் என்ற குட்டியோடு தனிப் பொதி.

பெரியதும் சின்னதும் சேர்ந்த பொம்மைக்கு விமர்சனம் எழுதுகிறவரின் வேலை இங்கிருந்தே தொடங்குகிறது. இன்று வருகிற வீடியோக்களிலும் கட்டுரைகளிலும் பெரிய ரோபோவுக்குத்தான் மொத்த நேரமும் போகிறது. குட்டியைக் கடைசியில் ஒரு தடவை கேமரா முன் ஆட்டிக் காட்டி, "இதுவும் வருது" என்று முடித்துவிடுகிறார்கள். பொம்மையின் பாதியைப் பார்க்காமல் எழுதிய விமர்சனம் அது.

செய்ய வேண்டியவை

பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பெயர், நிறம், கூட வரும் ஆயுதங்கள் எல்லாமும் வேண்டும். பெட்டியின் மேல் அட்டையில் வரைந்திருப்பதெல்லாம் உள்ளே இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். பழைய பொம்மை என்றால் இந்தப் பட்டியல் இன்னும் முக்கியம். சவுண்ட்வேவின் துப்பாக்கியும் ஏவுகணைக் குழாயும் டார்ச் பேட்டரி வடிவில் மடங்கி முதுகுப் பெட்டிக்குள் போகக்கூடியவை. அவை இல்லாத சவுண்ட்வேவைப் பார்த்து, ஏதோ குறைகிறது என்று புதிதாக வாங்குகிறவருக்குத் தோன்றாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குட்டியை முதலில் கையில் எடுங்கள். பெரிய ரோபோவைப் பார்த்த கண்ணுக்குச் சின்னது எப்போதும் அற்பமாகத் தெரியும். அதனால் வரிசையை மாற்றுங்கள். தனியாக நிற்கிறதா? முட்டி மடங்குகிறதா, தோள் சுழல்கிறதா? முகத்தில் பெயின்ட் இருக்கிறதா, வெறும் அச்சு மட்டும்தானா? 2016இல் வந்த டைட்டன்ஸ் ரிட்டர்ன் வரிசையில் டைட்டன் மாஸ்டர் என்ற குட்டிகள் உண்டு. அப்படி ஒன்றை மடித்தால் பெரிய ரோபோவின் தலையாகிவிடும், பெரிய முகம் குட்டியின் முதுகில் இருக்கும். குட்டிக்கென்று தனியாக இன்னொரு முகமும் உண்டு, அரிசி மணி அளவில். அந்தச் சின்ன முகத்துக்கு விளக்கைத் திருப்பிக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். மூக்கும் கண்ணும் செதுக்கியிருப்பது அப்போதுதான் தெரியும். வாங்குகிறவர் அதைக் கடையில் பார்க்க முடியாது.

இரண்டும் சேருகிற இடத்தில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். இந்த வகைப் பொம்மையின் உயிர் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. நாற்பது வருடமாக வடிவமைப்பாளர்கள் அதை விதவிதமாக முயன்று பார்த்திருக்கிறார்கள். 1987இல் வந்த டார்கெட்மாஸ்டர்களில் குட்டி துப்பாக்கியாக மாறிப் பெரியவரின் கையில் ஏறும். ஹாட் ராடுக்கு ஃபயர்போல்ட், கப்புக்கு ரீகாயில். அதே ஆண்டு வந்த ஹெட்மாஸ்டர்களில் குட்டி தலையாக மாறும். குரோம்டோமின் தலை ஸ்டைலர், பிரெயின்ஸ்டார்மின் தலை அர்கானா. ஹெட்மாஸ்டர் ரோபோவின் நெஞ்சு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைச் செருகினால், உள்ளே வேகம், பலம், அறிவு என்று மூன்று அளவுகோல்கள் ஏறி நிற்கும். வேறொரு ஹெட்மாஸ்டரின் தலையைச் செருகினால் அளவுகள் மாறிவிடும். பேட்டரி கிடையாது, தலையின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மேடுபள்ளம்தான் எல்லா வேலையும் செய்கிறது. ஒரு பொம்மை நிறுவனம் இவ்வளவு யோசித்திருக்கும்போது விமர்சகர் நெஞ்சைத் திறக்காமலேயே போவது அநியாயம்.

1988இல் பவர்மாஸ்டர்கள் வந்தார்கள். அவர்களுடைய குட்டி எஞ்சினாக மாறும். அதை வண்டியில் செருகினால்தான் பூட்டு விலகி வண்டி ரோபோவாகும். கெட்அவேக்கு ரெவ் என்ற குட்டி, ஆப்டிமஸ் பிரைமுக்கு ஹைகியூ. குட்டி இல்லாத பவர்மாஸ்டரைப் பழைய பொருளாக வாங்குகிறவர், முதன்மையான விளையாட்டையே இழந்த பொம்மைக்குப் பணம் கொடுக்கிறார். 2002இல் வந்த ஆர்மடா வரிசையில் மினி-கான்கள் இதையே வேறு மாதிரி செய்தன. பெரிய ரோபோவின் உடம்பில் பல இடங்களில் ஒரே அளவு முளைகள் இருக்கும். சிலவற்றில் மினி-கானைச் செருகினால் ஒளிந்திருந்த ஆயுதம் வெளியே பாயும், சிலவற்றில் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்மடாவின் ஆப்டிமஸ் பிரைமுக்கு ஸ்பார்க்பிளக், ஸ்டார்ஸ்க்ரீமுக்கு ஸ்விண்டில், ஹாட் ஷாட்டுக்கு ஜோல்ட். எந்த முளை வேலை செய்கிறது, எது வெறும் அலங்காரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். விரல் நகத்தால் அழுத்தினாலே ஆயுதம் வெளியே வந்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். வந்துவிட்டால் குட்டி அங்கே வெறும் சாக்கு, அதையும் எழுத வேண்டியதுதான்.

இணைப்பைச் சோதிக்க எளிய வழி: செருகுங்கள், பெரியதைத் தலைகீழாகப் பிடியுங்கள், லேசாக உலுக்குங்கள். விழுந்தால் தளர்வு. எடுக்க நகம் வலித்தால் இறுக்கம். தலையாக மாறும் குட்டி என்றால் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். கழுத்து திரும்பும்போது குட்டியும் கழன்று கையோடு வருகிற பொம்மைகள் உண்டு.

வண்டி வடிவத்தில் குட்டிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டைட்டன்ஸ் ரிட்டர்னில் தலை கழன்று குட்டியாகி ஓட்டுநர் இருக்கையில் உட்காரும், ஆயுதங்களைச் சேர்த்தால் அதற்கு இன்னொரு இருக்கையும் கிடைக்கும். இதற்கு ஒரு பின்கதை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸின் முதல் வரிசைப் பொம்மைகளில் பலவற்றை ஜப்பானின் தகாரா நிறுவனம் டயாக்ளோன் என்ற பெயரில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. டயாக்ளோன் ரோபோக்களுக்குள் காந்தப் பாதம் கொண்ட சின்னஞ்சிறு ஓட்டுநர்கள் உட்காருவார்கள். ஹாஸ்ப்ரோ அந்த ஓட்டுநர்களை விட்டுவிட்டது, இருக்கைகளை மட்டும் அச்சிலிருந்து எடுக்கவில்லை. டைனோசராக மாறும் டைனோபாட்களிலும் ஆப்டிமஸ் பிரைமின் டிரெய்லருக்குள்ளும் அந்தக் காலி இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பொம்மைகளை விமர்சிப்பவர் இந்தக் கதையைச் சொன்னால், படிப்பவருக்கு அந்தக் காலி இருக்கை எதற்கென்று புரியும்.

எழுத உட்காரும் முன் நாலைந்து தடவையாவது மாற்றிப் பாருங்கள். முதல் தடவை எல்லா மூட்டும் இறுக்கமாகத்தான் இருக்கும். குட்டியின் தோள் பந்து மூட்டு தளர்வதும், செருகும் இடத்தில் பெயின்ட் உரிவதும் பிறகுதான் தெரியவரும்.

அளவைச் சொல்லும்போது ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். "டீலக்ஸ் அளவு" என்றால் புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. அது சுமார் ஐந்தரை அங்குலம்.

பெட்டியில் இருக்கும் வயது எச்சரிக்கையைப் படித்துக் காட்டுங்கள். அமெரிக்கச் சட்டப்படி 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் பொருள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகம். மடித்த டைட்டன் மாஸ்டர் அதற்குள் தாராளமாக அடங்கும். வீட்டில் தவழும் குழந்தை இருப்பவர் உங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டு அண்ணன்காரனுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாம். இந்தியாவில் 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் பெட்டியில் அது இருக்கிறதா, இறக்குமதிக் கடையில் முத்திரை இல்லாமல் வாங்கியதா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

செய்யக்கூடாதவை

குட்டியை "இலவச இணைப்பு" என்று எழுதாதீர்கள். நீங்கள் கொடுத்த விலையில் அதன் அச்சுக்கும் பெயின்ட்டுக்குமான பணமும் அடக்கம். சில பொம்மைகளில் குட்டிக்குள்ளும் ஒரு குட்டி உண்டு. 1987இன் ஃபோர்ட்ரஸ் மாக்சிமஸின் தலை செரிப்ராஸ் என்ற தனி ரோபோ, செரிப்ராஸின் தலை ஸ்பைக். கிட்டத்தட்ட இரண்டடி உயரமுள்ள அந்தப் பொம்மையின் உச்சியில் இருக்கும் கடைசி ஆளைத் தொலைத்துவிட்டால், மேலிருந்து கீழ்வரை எல்லாமே குறைப்பொருள்தான்.

மடங்காத இடத்தில் அழுத்தாதீர்கள். கேமரா ஓடுகிறதே என்ற அவசரத்தில்தான் பல மூட்டுகள் உடைகின்றன. மாற்றும் படிகளைப் படம் பிடிக்குமுன் ஒருமுறை குறிப்புத்தாளோடு செய்துபாருங்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு தெரிந்தால் நிறுத்துங்கள், அடுத்தது முறிவுதான். 1980களிலும் 90களிலும் வந்த சில பொன்னிறப் பிளாஸ்டிக் பாகங்களைக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை. பொன் மினுமினுப்புத் தூள் கலந்த அந்தப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் வலுவிழந்து, தொட்டாலே பொடியாக உதிரும். அப்படிப்பட்டதை விமர்சனத்துக்காக மாற்றிக் காட்ட வேண்டியதே இல்லை. நிறுத்திவைத்துப் படம் எடுத்தால் போதும்.

கார்ட்டூனை நினைத்து மதிப்பெண் போடாதீர்கள். திரையில் லேசர்பீக்கின் அளவு காட்சிக்குக் காட்சி மாறும். சவுண்ட்வேவே கட்டடம் அளவு நின்றவன் ஒரு நொடியில் சுருங்கி ஒருவர் கையில் கேசட் பிளேயராக உட்காருவான். பிளாஸ்டிக்கால் அதைச் செய்ய முடியாது. "கார்ட்டூனில் இப்படி இல்லையே" என்பதைக் குறையாக வைத்தால் எந்தப் பொம்மையும் தேறாது.

உங்கள் கைக்கு வந்த ஒன்றை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு பெட்டியில் இடது முட்டி தளர்ந்திருக்கும், அடுத்த பெட்டியில் சரியாக இருக்கும். "எனக்கு வந்ததில் தளர்வு" என்று எழுதுவது நேர்மை. "இந்தப் பொம்மையே தளர்வு" என்று எழுத, இன்னும் சிலரிடம் கேட்டு உறுதிசெய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பெயர் குழப்பம். பழைய பெயர் என்று நினைத்துக்கொண்டு புதியதற்கு அதையே போட்டுவிடாதீர்கள். 1987இல் ஹார்ட்ஹெட் என்ற ஹெட்மாஸ்டரின் தலை டுரோஸ், டைட்டன்ஸ் ரிட்டர்னில் அது ஃபுரோஸ். பிரெயின்ஸ்டார்மின் அர்கானா அங்கே டெஸ்லராகிவிட்டார். இந்த மூவரில் ஸ்டைலர் மட்டும் பெயர் மாறாமல் பிழைத்தார். பழைய பொருள் தேடுபவர் உங்கள் கட்டுரையில் உள்ள பெயரை வைத்துத்தான் தேடுவார், தவறான பெயரைத் தந்தால் தவறான குட்டிதான் வந்து சேரும்.

போலியை அசலாக விமர்சிக்காதீர்கள். போலி என்று சொல்லிவிட்டு விமர்சிப்பதில் தவறில்லை. பழைய சவுண்ட்வேவின் கேசட்டுகளுக்கு எத்தனையோ நகல்கள் சுற்றுகின்றன. பளபளப்பு முலாம், ஸ்டிக்கரின் அச்சு, உடம்பில் இருக்கும் உற்பத்தியாளர் முத்திரை ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இலவசமாக வந்த பொம்மையை வாங்கியதுபோல் காட்டாதீர்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் சமூக ஊடகத்தில் எழுதுவோருக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், பணமோ பொருளோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. கடைசியில் பொடி எழுத்தில் போடுவது வெளிப்படை ஆகாது.

பெரியதற்கு எட்டு, சின்னதற்கு ஆறு, ஆகச் சராசரி ஏழு என்று கணக்குப் போடாதீர்கள். தனித்தனியாகச் சுமாராக இருக்கும் இரண்டு, சேர்ந்தால் அருமையான விளையாட்டாக இருக்கலாம். பழைய ஹெட்மாஸ்டர்கள் அப்படித்தான், கை அதிகம் அசையாத ரோபோ, முகம் சரியாகத் தெரியாத குட்டி, ஆனால் தலையைச் செருகினால் நெஞ்சில் அளவுகோல் ஏறும். எண்ணே இல்லாமல், யார் வாங்கலாம், என்ன விலைக்குள் வாங்கலாம், குட்டி இல்லாமல் கிடைத்தால் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று எழுதுங்கள். பழைய பொருள் வாங்கப் போகிறவருக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: விற்பவரிடம் முதலில் குட்டியின் படத்தைக் கேளுங்கள், பெரிய ரோபோவின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.