சீமைக் கருவேலின் மேல் ஒரு வீண்பழி

மடவார் வளாகத்துத் தேநீர்க் கடைகளிலும், அங்கிருந்து இராஜபாளையம் போகும் பேருந்துகளிலும், படித்தவர் படியாதவர் என்ற பேதமில்லாமல் சில காலமாக உலவி வருகிற ஒரு வதந்தி உண்டு: சீமைக் கருவேல விறகில் புகை போட்ட இறைச்சி விஷமாகிவிடும் என்பது. டெக்சாஸ் மாகாணத்தாரைப் பார்த்து, மாட்டின் நெஞ்சுக்கறியைக் கொல்லைப்புறத்துத் தகர டிரம்மில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வேகவைத்துத் தின்னும் ஆசை நம் இளைஞர் சிலரைப் பற்றிக்கொண்ட பிறகு, இந்த வதந்திக்குப் புதிதாக இறக்கை முளைத்திருக்கிறது. ரசாயனம் கற்பித்தே தலை நரைத்துப்போன என்னிடமே வந்து, "அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சுகிற மரமாயிற்றே, ஐயா!" என்று உபதேசிக்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க இனிப் பொறுமை இல்லை.

கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பில் எரிவது என்ன விறகு என்று இவர்கள் ஒரு நாளாவது குனிந்து பார்த்ததுண்டா? நம் வட்டாரத்து விறகுக் கடையில் மரத்தின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே விறகு என்று கேட்டால் வண்டியில் ஏறுவது பெரும்பாலும் சீமைக் கருவேலந்தான். அதில் வெந்த பிரியாணியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டுவிட்டு, கைகழுவின ஈரம் காய்வதற்குள் அந்த மரத்தை விஷவிருட்சம் என்று தூற்றுகிறார்கள். பாத்திரத்தில் மூடி வெந்தது வேறு, புகை நேரே படுவது வேறு என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபமே. ஆனால் டெக்சாஸின் மேற்குப் பகுதியில் மாடு மேய்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இறைச்சியை நேரே தணலின் மேல் வாட்டுகிற 'மெஸ்கீட்' என்னும் விறகு, நம் சீமைக் கருவேலின் உடன்பிறப்பு. இரண்டும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எந்த ஊரைப் பார்த்து இந்த ஆசை வந்ததோ அந்த ஊர்க்காரன் வாசனைக்கென்றே தேடி எரிக்கிற விறகின் சுற்றத்தை, இங்கே விஷம் என்று விலக்குகிறோம்.

எந்த மரமானாலும் அதன் கட்டை செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பெரும் பொருள்களால் ஆனது. தீயில் லிக்னின் சிதையும்போது பிறக்கிற குவையகால், சிரிங்கால் முதலிய சேர்மங்களே, புகை போட்ட கறியிடம் நாம் மயங்குகிற அந்த மணத்துக்குக் காரணம். கருவேலில் விஷச்சத்து அறவே இல்லையா என்றால், உண்டு. அதன் காயிலும் இலையிலும் சில ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேறு தீனியில்லாமல் மாதக்கணக்கில் காயையே தின்ற ஆடுமாடுகளுக்குத் தாடையை இயக்கும் நரம்புகள் கெட்டு, மெல்ல முடியாமல் முகம் கோணிப்போவது பிரேசில் தேசத்திலே ஆராயப்பட்ட சங்கதி. காய்க்குரிய குற்றத்தைக் கட்டையின் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்? புகையில் மெய்யாகவே அஞ்சத்தக்கது பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க் காரணி. அது தேக்கைக் கொளுத்தினாலும் வரும், மாமரத்தைக் கொளுத்தினாலும் வரும். ஆகையால் புகைக்கறியை என்றைக்கோ ஒரு நாள் உண்ணுங்கள் என்பேனே தவிர, விறகை மாற்றுங்கள் என்று சொல்லமாட்டேன்.

கண்மாய்களை அடைத்துக்கொண்டு பிற செடிகளை வளரவிடாத அம்மரத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது எழுந்த பேச்செல்லாம் நீரையும் நிலத்தையும் பற்றியது. அதை அடுப்பங்கரைக்கு இழுத்து வந்தது நம் ஜனங்களின் கைங்கரியம். காமராஜர்தாம் இந்த மரத்தைக் கொண்டுவந்தார் என்பது அதே கூட்டத்தார் பரப்பும் இன்னொரு புளுகு. கடப்பையில் இது பயிரிடப்பட்டது 1877இல். விருதுநகரில் அவர் பிறந்தது 1903இல்.

பிறகு சிலருக்குக் கறி கசந்தது ஏன்? கண்மாயில் நேற்று வெட்டிய பச்சைக் கட்டையை இன்று டிரம்முக்குள் திணித்தால் வெள்ளை வெள்ளையாய்க் கனத்த புகை சுருண்டெழுந்து, தார் போன்ற பிசுக்கு கறியின்மேல் படிந்து கசக்கத்தான் செய்யும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிமூட்டத்தில் வெந்த கருவேலங்கரியை அடித்தணலாக இட்டு, மாதக்கணக்கில் காய்ந்த கட்டைத் துண்டுகள் இரண்டொன்றை முதல் சில மணி நேரம் மட்டும் வைத்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இலேசான நீலப்புகை எழும், அதுவே பதம்.

மற்றப் பிரமைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. முதலில் பெருந்தீயில் வாட்டினால் சாறு உள்ளே அடைபடும் என்பது 1847இல் லீபிக் என்ற ஜெர்மானிய ரசாயனர் கூறி, பிற்காலத்துச் சோதனைகளில் பொய்த்துப்போன கொள்கை. வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் வேகாத கறியன்று. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறமியோடு கூடியதால் நிலைத்த நிறம். உட்சூடு எழுபது டிகிரிக்கு அருகில் மணிக்கணக்காக நகராமல் நின்றால் தீ போதவில்லை என்று கட்டையை அள்ளிப் போடாதீர்கள்: மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, கறியின் ஈரம் ஆவியாகித் தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. தக்காளி, புளி, கருப்பட்டி, சாத்தூர் வத்தல் சேர்த்து வீட்டில் காய்ச்சின சாஸை ஆரம்பத்திலேயே பூசினால் இனிப்புக் கரிந்துபோகும். கடைசி அரைமணியில் பூசுங்கள். புகை போட்ட கறி கெடாது என்பதோ அபாயகரமான பேச்சு. உப்புக்கண்டம் கெடாதிருப்பது உப்பாலும் வெயிலாலும். சாறோடு வெந்த நெஞ்சுக்கறி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போயாக வேண்டும்.

அமெரிக்கக் கணக்கை அப்படியே நம்பி, பன்னிரண்டு மணி நேரமாகியும் ரப்பர் போல இருக்கிறதே என்று கறிக்கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதும் அறியாமையே. அங்கே வெட்டுவது பெரும்பாலும் மூன்று வயதை எட்டாத இளமாடு. இங்கேயோ 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது, அல்லது ஊனத்தால் நிரந்தரமாகப் பயனற்றது என்று சான்று பெற்ற பிராணியையே வெட்டலாம். 1976 முதல் பசுவும் கிடாரியும் அதிலும் சேராது. காறை எலும்பு இல்லாத மாட்டின் பாரத்தைச் சுமந்தே முறுகின நெஞ்சுத் தசை, முதிர்ந்த எருமையிலே இன்னும் முறுகியிருக்கும். டிரம்மின் உஷ்ணம் நூற்றிருபதைத் தாண்டாமல், உட்சூடு தொண்ணூற்றைந்தை நெருங்கி, கம்பி குத்தினால் தடையில்லாமல் இறங்கும்வரை காத்திருப்பதைத் தவிர யுக்தி வேறில்லை.

புகையைக் கண்டு அஞ்ச வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அதைப் பற்றி எவரும் வதந்தி கிளப்புவதில்லை. திறந்த கொல்லையில் எப்போதாவது எழும் கறிப்புகைக்கு இத்தனை விசாரம் செய்கிறவர்களின் வீட்டிலேயே, ஜன்னலில்லாத அடுக்களையில் தாயும் பாட்டியும் நாள்தோறும் வெந்நீருக்கு விறகூதி இருமிக்கொண்டிருக்கிறார்கள். ஐதராபாத் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர் புகையில்லா அடுப்பைப் பற்றி ஏழை ஜனங்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதி, அது சென்னையில் 1953இலேயே அச்சாயிற்று. அவர் சொன்னது களிமண்ணும் ஒரு குழாயும் கொண்டு முடிகிற வேலை. மாடிக்கு மாடி எழுப்பிப் பளிங்குக்கல் பதிக்கிற நாம் அந்தக் குழாய்க்கு இடம் விடவில்லை. கருவேலைப் பற்றி அடுத்து என்னிடம் பேச வருகிறவர், வீட்டுப் புகைபோக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு உட்காரட்டும். அதோடு, மண்ணெண்ணெயில் நனைத்த சைக்கிள் டயர்த் துண்டை வைத்து அடுப்பு மூட்டும் வழக்கம் உண்டா என்பதையும்.