கப்பலில் குமட்டுபவருக்கு எந்த கேபின்?

பேருந்தில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் முன் இருக்கையாகப் பார்த்துப் பிடிப்பார்கள். நல்ல பழக்கம்தான். எதிரே சாலை தெரிவதால் வளைவு வருவதற்கு முன்பே உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. அதே நினைப்போடு சொகுசுக் கப்பலில் இடம் எடுக்கும்போதும் முன்பக்கமாக, ஜன்னலோடு ஒரு கேபின் கேட்கிறார்கள். குமட்டல்காரருக்கு அதைவிட மோசமான இடம் கப்பலில் அநேகமாகக் கிடையாது. விலைப்பட்டியல்கள் உள் கேபின், ஜன்னல் கேபின், பால்கனி கேபின், சூட் என்று வசதியின் வரிசையில் அச்சாகியிருப்பதால், நாமும் அந்த வரிசையிலேயே யோசிக்கப் பழகிவிட்டோம். இவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கப்பலின் நீளவாக்கில் கேபின் எங்கே இருக்கிறது என்பது. எத்தனையாவது தளம் என்பது அடுத்த கேள்வி. ஜன்னல் உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி வரிசையை மாற்றுவதற்கு ஆதாரம் இருக்கிறது. ஓஹேன்லன், மெக்காலி என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், 300க்கும் மேற்பட்ட இளைஞர்களை ஒரு மூடிய அறைக்குள் உட்காரவைத்து, அறையைப் பலவித வேகங்களில் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஆறு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் அதிகம் பேரை வாந்தியெடுக்க வைத்தது. அதைவிட மிக விரைவான அசைவும் மிக மெதுவான அசைவும் அவ்வளவு படுத்தவில்லை. பின்னர் அதோடு பக்கச் சாய்வையும் முன்பின் சாய்வையும் சேர்த்துப் பார்த்தபோதும் குமட்டல் சொல்லும்படி கூடவில்லை. லாதர், கிரிஃபின் என்பவர்கள் 1980களில் சுமார் 20,000 கப்பல் பயணிகளிடம் விசாரித்து, கப்பல்களின் அசைவையும் கருவி வைத்து அளந்தார்கள். அங்கும் வாந்தியின் அளவு மேல்கீழ் அசைவின் அளவோடு ஒத்துப்போனது. ஆனால் பயணிகள் பயப்படுவதெல்லாம் பக்கவாட்டில் சாய்வதற்குத்தான். திரைச்சீலை ஆடுவதும் நீச்சல்குளத்துத் தண்ணீர் தளும்புவதும் கண்ணுக்குத் தெரிகிறது. தரை மெல்ல உயர்ந்து தாழ்வது தெரிவதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். சென்னையிலிருந்து 2022இல் பயணிகளை ஏற்றிச் சென்ற கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர். அலையில் அதன் மூக்கு ஒரே ஒரு டிகிரி நிமிர்ந்தால் முன்முனை ஏறக்குறைய 1.8 மீட்டர் மேலே போகும். மூக்கு கவிழும்போது அதே அளவு கீழே இறங்கும். நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்கும் கேபினுக்கோ அந்த ஏற்றம் சுமார் 26 சென்டிமீட்டர்தான். கப்பல் முழுவதுமாக எழுந்து தாழ்வது எல்லோருக்கும் பொது. முன்பின் சாய்வால் அதன்மேல் கூடுகிற பங்கு மட்டும் இடத்தைப் பொறுத்து ஏழு மடங்கு வரை மாறுகிறது. தவிர, கப்பல் முன்பின் சாயும் அச்சு பெரும்பாலும் நட்டநடுவில் இல்லாமல் சற்றுப் பின்னால் இருக்கும். நடுப்பகுதியில் இடம் கிடைக்காதவர் நடுவுக்குச் சற்றுப் பின்னால் எடுக்கலாம், முன்னால் வேண்டாம். ஒரேயடியாகக் கடைசிக்குப் போனால் புரொப்பெல்லர் அதிர்வு படுக்கைவரை வரும்.

‘எவ்வளவு கீழ்த்தளமோ அவ்வளவு நல்லது’ என்று பலரும் சொல்வது பாதி உண்மை. கப்பல் பக்கவாட்டில் சாயும்போது மேல்தளங்கள் அதிகமாக ஊசலாடும் என்பது சரி. ஆனால் இன்றைய சொகுசுக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் நீளும் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. கப்பல் நல்ல வேகத்தில் ஓடும்போது அவை பக்கச் சாய்வை வெகுவாக அடக்கிவிடும். முன்பின் சாய்வையும் மொத்தக் கப்பலின் ஏற்ற இறக்கத்தையும் அவற்றால் அடக்க முடியாது. கீழ்த்தளம் எதிலிருந்து காப்பாற்றுமோ அதைக் கப்பலே ஓரளவு பார்த்துக்கொள்கிறது. நடுப்பகுதி எதிலிருந்து காப்பாற்றுமோ அதற்கு வேறு மருந்தில்லை. மூன்றாம் தளத்தில் முன்முனை, ஒன்பதாம் தளத்தில் நடுப்பகுதி என்று இரண்டே வாய்ப்பு இருந்தால் தயங்காமல் ஒன்பதாம் தளத்தை எடுக்கலாம். இரண்டும் நடுப்பகுதிதான் என்றால் கீழே இருப்பது மேல்.

ஜன்னல் விஷயத்தில் வரும் ஆட்சேபம் நியாயமானது. காது சொல்வதும் கண் சொல்வதும் முரண்படும்போதுதான் குமட்டுகிறது. அடிவானத்தைப் பார்த்தால் அந்த முரண் குறைகிறது. அப்படியானால் உள் கேபின் தவறில்லையா? இரவில் ஜன்னலுக்கு வெளியே ஒரே இருட்டு, பார்ப்பதற்கு அடிவானமே இல்லை. கண்ணை மூடி மல்லாந்து படுத்தாலும் முரண் குறையும், அதற்கு ஜன்னல் தேவையில்லை. பகலில் அடிவானம் வேண்டுமென்றால் திறந்த தளத்தின் நடுவில் போய் நிற்கலாம், காற்றும் கிடைக்கும். மூடிய அறையில் மூச்சு முட்டுகிறது என்பவர்களும், படுக்கையைவிட்டு அதிகம் எழ முடியாத முதியவர்களும் மட்டும் ஜன்னலுக்குப் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு. அப்போதும் நடுப்பகுதி ஜன்னலாகப் பார்க்க வேண்டும். பால்கனிகள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருப்பதால், அதற்கென்று கூடுதல் பணம் கொடுப்பவர் கூடுதல் ஊசலாட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பெரிய கப்பல் அசையவே அசையாது என்பார்கள். கடலைப் பொறுத்தது அது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 335 மீட்டர் நீள ஜென்டிங் டிரீம் மலாக்கா நீரிணையில் ஓடும்போது இந்தக் கட்டுரையை மறந்துவிட்டுப் பிடித்த பால்கனியை எடுத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அரபிக்கடலோ, புயல் மாதங்களில் வங்கக்கடலோ அப்படியல்ல. 12 நொடிக்கு ஒன்றாக வரும் நெடிய அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 225 மீட்டர், அதாவது எம்ப்ரஸின் நீளத்துக்குப் பக்கத்தில். அந்த அலையைக் கப்பல் எதிர்கொண்டு ஓடும்போது இடைவெளி இன்னும் சுருங்கி, வயிற்றுக்கு ஆகாத அந்த ஆறு நொடியை நெருங்கிவிடும். மாதத்தை மாற்ற முடிந்தால் கேபினைவிட அதுவே பெரிய உதவி. விடுமுறையும் டிக்கெட் விலையும் பலருக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

மாத்திரை இருக்கும்போது இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்கலாம். சின்னரிசின், புரோமெத்தசின் போன்றவை வேலை செய்கின்றன, தூக்கத்தையும் தருகின்றன. கண் அழுத்த நோயோ பிராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. குமட்டத் தொடங்கிய பின் விழுங்குவதில் பயன் குறைவு. உடம்பு தானாகப் பழகிவிடும் என்று காத்திருக்கவும் வழியில்லை: பழக இரண்டு மூன்று நாளாகும், நம் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பயணங்களில் பலவும் அதற்குள் முடிந்துவிடும்.

பணம் கட்டும் முன் கப்பலின் தளவரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீளத்தை மூன்றாகப் பிரித்து, நடுப் பங்கில் கேபின் எண்ணைத் தேடுங்கள். பல கப்பல்களில் நடு லிஃப்ட் கூடம் நல்ல அடையாளம். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம் அமைதியாக இருக்கும்; சமையலறைக்குக் கீழேயோ நடனக்கூடத்துக்கு மேலேயோ எடுத்தால் குமட்டல் இல்லாமலும் தூக்கம் போகும். முதல் இரவின் கலைநிகழ்ச்சி நடக்கும் அரங்கம் பல கப்பல்களில் முன்முனையில்தான் இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். ‘கேரண்டி’ கட்டணம் என்று மலிவாகக் கிடைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் கேபின் வகைதான் உறுதி. எண்ணை நிறுவனம் பிறகு தன் வசதிப்படி ஒதுக்கும், விற்காமல் மிஞ்சிய முன்முனை கேபின் உங்கள் தலையில் விழலாம். அந்தத் தள்ளுபடியை விட்டுவிட்டு நடுப்பகுதியில் ஜன்னலில்லாத உள் கேபினை எண் குறிப்பிட்டு வாங்கினாலும், முன்முனை பால்கனியைவிடப் பெரும்பாலும் குறைவாகவே செலவாகும்.