கர்ப்ப காலச் சர்க்கரையும் இன்சுலினும்



நாம் உண்ணும் சோறு, களி, இட்லி எல்லாம் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. உடம்பு உழைக்க இதுவே எரிபொருள். ஆனால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினால் மட்டும் போதுமா? மடை திறந்தால்தானே வயலுக்குப் பாயும்! அந்த மடையைத் திறக்க வைப்பது இன்சுலின்.

இன்சுலின் என்றால் என்ன?

இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் சுரக்கும் புரதம் இது. 51 அமினோ அமிலங்கள் 2 சங்கிலிகளாகக் கோத்தது. புரதமாதலால், விழுங்கினால் மற்ற உணவு போலச் செரித்துவிடும். அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள்.

மடை திறப்பது எப்படி?

தசை, கொழுப்புச் செல்களின் மேலுறையில் இன்சுலினுக்கென்றே 'ஏற்பி'கள் இருக்கின்றன. இன்சுலின் வந்து பொருந்தியதும் ஏற்பி செல்லுக்குள்ளே செய்தி அனுப்புகிறது. உள்ளே காத்திருக்கும் கடத்திப் புரதங்கள் மேலுறைக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன.

கர்ப்பத்தில் என்ன நடக்கிறது?

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இந்தச் செய்தியை மந்தப்படுத்துகின்றன. பெரும்பாலான தாய்மாருக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடு கட்டிவிடும். முடியாதவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அது பிள்ளைக்கும் போகும். பிள்ளை அளவுக்கு மீறிப் பருத்தால் பிரசவம் சிக்கலாகும். பிறந்தவுடன் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரெனக் குறையவும் கூடும்.

"ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாதாமே?"

இப்படிப் பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போவது சர்க்கரைதான். தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அல்ல. பிள்ளையைக் காப்பதே அந்த ஊசிதான். பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே போதும். ஊசி தேவையா என்பதை டாக்டர் சொல்வார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கவனிப்புத் தேவை.

2. முதலில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி சோதியுங்கள்.

3. ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. நடுக்கம், வியர்வை, மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. பிரசவமாகி 6 வாரத்தில் மீண்டும் ஒரு சோதனை அவசியம்.

கணவன்மாரே, சோதனை நாளில் மனைவியுடன் கூடவே போங்க. வேளாவேளைக்குச் சாப்பிட்டாளா, ஊசி போட்டாளா என்று கேளுங்க.

தாயின் சர்க்கரை அளவோடு. பிள்ளை பிறக்கும் நலத்தோடு!